ஜான் மார்ஷல்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அரசமைப்புச் சட்டப் பாடத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் மார்பரி வழக்கு வந்துவிட்டால், தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் என்ற பெயரும் கூடவே வந்துவிடும். கையேடுகள் பெரும்பாலும் ஒரே பத்தியில் அவரை முடித்துவிடுகின்றன. அதனாலேயே சட்டக் கல்லூரி மாணவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களும் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப் போக.

ஜான் மார்ஷல்தானே சார் அமெரிக்காவின் முதல் தலைமை நீதிபதி?

இல்லை, நான்காவது. ஜான் ஜே, ஜான் ரட்லெட்ஜ், ஆலிவர் எல்ஸ்வொர்த் மூவரும் அவருக்கு முன்னால் இருந்தவர்கள். மார்ஷல் 1801 பிப்ரவரியில் பொறுப்பேற்றார்; 1835 ஜூலை 6 அன்று இறக்கும்வரை 34 ஆண்டுகள் பதவியில் இருந்தார். அமெரிக்கத் தலைமை நீதிபதிகளில் வேறு யாரும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

முதல் தலைமை நீதிபதி அவர்தான் என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு முன்பு அந்த நீதிமன்றத்தைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு. ஜான் ஜே தலைமை நீதிபதி பதவியை விட்டுவிட்டு நியூயார்க் மாநில ஆளுநராகப் போனார். 1800 கடைசியில் மறுபடி அழைத்தபோது, அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் இல்லை, கௌரவமும் இல்லை என்று எழுதி மறுத்துவிட்டார். புதிய தலைநகரான வாஷிங்டனில் குடியரசுத் தலைவருக்கு மாளிகை எழும்பியது, நாடாளுமன்றத்துக்குக் கட்டடம் எழும்பியது. உச்ச நீதிமன்றத்துக்குக் கிடைத்தது நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு கமிட்டி அறை. சொந்தக் கட்டடம் வந்தது 1935இல்தான்.

சட்டம் எங்கே படித்தார்? பெரிய பணக்காரக் குடும்பமா?

1755 செப்டம்பர் 24 அன்று வர்ஜீனியாவின் எல்லைப்புறப் பகுதியில், மர வீட்டில் பிறந்தவர். 15 பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தாமஸ் மார்ஷல் நில அளவையாளர், ஜார்ஜ் வாஷிங்டனின் நண்பர். பெருந்தோட்டக்காரர்களின் செல்வம் அந்த வீட்டில் இல்லை. ஆனால் அம்மா வழியில் ராண்டால்ஃப் என்ற செல்வாக்கான குடும்பத்தோடு உறவு இருந்தது. பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். வீட்டில் அப்பா சொல்லிக்கொடுத்ததே அதிகம்.

முறையான சட்டப் படிப்பு என்றால் 1780இல் வில்லியம்ஸ்பர்க் நகரின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்ற ஆசிரியரிடம் சில வாரங்கள் கேட்ட விரிவுரைகள், அவ்வளவே. அப்போது அவர் எழுதிய குறிப்பேடு இன்றும் இருக்கிறது. சட்டக் குறிப்புகளுக்கு நடுவே பாலி ஆம்ப்ளர் என்ற பெண்ணின் பெயரை அங்கங்கே கிறுக்கி வைத்திருக்கிறார். 1783 ஜனவரி 3 அன்று அவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

ராணுவத்தில் இருந்தார் என்கிறார்களே, அதற்கும் தீர்ப்புகளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மான்மத் சண்டைகளில் இருந்தவர். 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படை உணவும் உடையும் இல்லாமல் தவித்தபோது அவரும் அங்கே இருந்தார். படைக்குப் பணம் அனுப்ப வேண்டிய மாநிலங்கள் அனுப்பவில்லை. வசூலிக்கும் அதிகாரம் மத்தியில் இருந்த காங்கிரஸ் என்ற பொது அவைக்கும் இல்லை. பிற்காலத்தில், அமெரிக்காவைத் தன் நாடாகவும் காங்கிரசைத் தன் அரசாகவும் கருதும் பழக்கம் தனக்குப் படையில்தான் உறுதிப்பட்டது என்று அவரே எழுதியிருக்கிறார். தீர்ப்புகளில் மத்திய அரசின் அதிகாரத்தைத் தாங்கிப் பிடித்ததற்கு வேர் அங்கேதான்.

நீதிபதி அனுபவமே இல்லாதவரை நேரடியாகத் தலைமை நீதிபதி ஆக்கிவிட்டார்களா?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1780களில் ரிச்மண்ட் நகரில் ரிக்கார்டர் என்ற பதவியில் சிறு வழக்குகளை விசாரித்திருக்கிறார். அதைத் தவிர அனுபவம் இல்லை. வக்கீலாக நல்ல பெயர். ஆனால் உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடியது 1796இல் வேர் எதிர் ஹில்டன் என்ற ஒரே ஒரு வழக்கு, அதில் தோற்றார்.

மக்களுக்கு அவர் தெரிந்தது வேறு வழியில். 1797இல் பிரான்ஸுக்குப் போன மூன்று தூதர்களில் ஒருவர். பேச்சுவார்த்தை தொடங்கவே லஞ்சம் வேண்டும் என்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிராந்தின் ஆட்கள் கேட்டார்கள். மறுத்துவிட்டுத் திரும்பியவரை ஊரே கொண்டாடியது. பிறகு நாடாளுமன்ற உறுப்பினர், 1800இல் குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸின் அரசில் வெளியுறவுச் செயலர். 1801 ஜனவரியில் ஜே மறுத்து எழுதிய கடிதத்தை ஆடம்ஸிடம் கொண்டுபோனவர் மார்ஷல்தான். இனி யாரை நியமிப்பது என்று யோசித்த ஆடம்ஸ், எதிரே நின்றவரையே நியமிக்க முடிவு செய்தார். மார்ச் 4 அன்று ஆட்சி மாறும்வரை தலைமை நீதிபதி, வெளியுறவுச் செயலர் என்ற இரண்டு வேலையையும் அவரே பார்த்தார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கேள்விகளுக்குத் தேவைப்படும்.

மார்பரி வழக்கில் உண்மையில் என்னதான் நடந்தது? எளிமையாகச் சொல்லுங்க சார்.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்று தாமஸ் ஜெபர்சன் வென்றார். பதவி முடியும் கடைசி நாட்களில் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களை நீதித்துறைப் பதவிகளில் அமர்த்தினார். தலைநகர வட்டாரத்தில் சிறு வழக்குகளைப் பார்க்க 42 'ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ்' நியமனங்கள் அவற்றில் அடக்கம். ஆணைகளில் ஆடம்ஸ் கையெழுத்துப் போட்டார், மார்ஷல் முத்திரை வைத்தார். ஆனால் சில ஆணைகள் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஜெபர்சன் வந்ததும் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். ஆணை கிடைக்காத வில்லியம் மார்பரியும் இன்னும் மூவரும், புதிய வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மாடிசனுக்கு மாண்டமஸ் ரிட் (அதிகாரி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் இடும் கட்டளை) பிறப்பிக்க வேண்டும் என்று நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்கள்.

மார்ஷல் இரு பக்கமும் மாட்டிக்கொண்டார். ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் மாடிசன் கண்டுகொள்ளமாட்டார். நீதிமன்றத்தின் மானம் போகும். மனுவைச் சும்மா தள்ளுபடி செய்தால் பயந்துவிட்டார்கள் என்று ஆகும். புதிய ஆட்சி சட்டத்தை மாற்றி 1802ஆம் ஆண்டின் அமர்வையே நடக்கவிடாமல் செய்திருந்தது. 1803 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி சாமுவேல் சேஸ் கீல்வாதத்தால் நடக்க முடியாமல் இருந்ததால், அவர் தங்கியிருந்த ஸ்டெல் ஹோட்டலின் கூடத்தில் உட்கார்ந்து மார்ஷல் வாசித்தார்.

மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை உண்டா? உண்டு. உரிமை பறிபோனால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு. அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் நேரடியாகத் தரலாமா? முடியாது. ஏனென்றால் எந்த வழக்குகள் முதலிலேயே உச்ச நீதிமன்றத்துக்கு வரலாம் என்பதை அரசமைப்பின் மூன்றாம் பிரிவு வரையறுத்துவிட்டது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத் தாண்டி அதிகாரம் கொடுக்கிறது. ஆகவே அது செல்லாது. ஜெபர்சன் அரசு செய்தது தவறு என்று பதிவாகிவிட்டது. ஆனால் அவர்கள் மீறுவதற்கு உத்தரவு எதுவும் இல்லை. தனக்குக் கிடைத்த ஒரு சிறு அதிகாரத்தை வேண்டாம் என்று சொல்லி, நாடாளுமன்றச் சட்டத்தையே செல்லாது என்று அறிவிக்கும் பெரிய அதிகாரத்தை மார்ஷல் நிலைநாட்டினார். எதை உத்தரவிடக் கூடாது என்று தெரிந்திருந்ததே அவருடைய பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்.

அவரே முத்திரை போட்ட ஆணை பற்றிய வழக்கை அவரே விசாரிக்கலாமா? விலகியிருக்க வேண்டாமா?

விலகியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆணையைக் கொண்டுசேர்க்காத அலுவலகத்தின் தலைவர் அவர். சில ஆணைகளை எடுத்துப்போய்க் கொடுக்க முடியாமல் திருப்பிக் கொண்டுவந்தவர் அவருடைய சொந்தத் தம்பி ஜேம்ஸ் மார்ஷல். அந்தத் தம்பியின் பிரமாண வாக்குமூலமே வழக்கில் சாட்சியாகத் தாக்கலானது.

அந்தக் காலத்தில் விலகும் வழக்கம் இன்றைக்குப் போல விரிவாக இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் மார்ஷலுக்கு விலகத் தெரியும். மார்பரி தீர்ப்பு வந்து ஆறே நாளில் ஸ்டூவர்ட் எதிர் லெயர்ட் வழக்கில், கீழ் நீதிமன்றத்தில் அதைத் தானே விசாரித்திருந்ததால் ஒதுங்கிக்கொண்டார். 1816இல் மார்ட்டின் எதிர் ஹன்டர் வழக்கிலும், தகராறில் இருந்த நிலத்தில் தன் குடும்பத்துக்குப் பங்கு இருந்ததால் விலகினார். நீதிபதி ஜோசப் ஸ்டோரி தீர்ப்பு எழுதினார்.

இன்னொரு குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசாரிக்க அதிகாரம் உண்டா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். மார்ஷல் அதைக் கடைசிக்குத் தள்ளினார். முதலில் பார்த்திருந்தால் அரசைக் கண்டிக்க வாய்ப்பே வந்திருக்காது.

சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கண்டுபிடித்ததே இவர்தானா?

கண்டுபிடிக்கவில்லை. 1788இலேயே அலெக்சாண்டர் ஹாமில்டன், புதிய அரசமைப்பை ஆதரித்து எழுதிய கட்டுரையில் இந்த வாதத்தைத் தெளிவாக வைத்துவிட்டார். 1796இல் குதிரை வண்டி வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டம் அரசமைப்புக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தது. பொருந்துகிறது என்று விட்டுவிட்டது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் பிரிவைச் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே காரணம் எழுதி அறிவித்தது 1803இல்தான்.

பலரும் கவனிக்காத விஷயம்: அதன் பிறகு மார்ஷல் இருந்த 32 ஆண்டுகளில் நாடாளுமன்றத்தின் ஒரு சட்டத்தைக்கூட அந்த நீதிமன்றம் செல்லாது என்று சொல்லவில்லை. அடுத்தது 1857இல், அடிமை முறை தொடர்பான ட்ரெட் ஸ்காட் வழக்கில். மார்ஷல் நீதிமன்றம் ரத்து செய்தவை மாநிலச் சட்டங்கள். அதற்குத் தொடக்கம் 1810இல் ஜார்ஜியா மாநில நில மோசடி தொடர்பான ஃப்ளெட்சர் எதிர் பெக்.

அப்போ நம்ம நாட்டு நீதிமன்றங்களின் மறுஆய்வு அதிகாரமும் மார்ஷலிடமிருந்து வந்ததுதானா?

தேர்வில் அப்படி எழுதாதீர்கள். இந்திய அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்று எழுத்திலேயே சொல்கிறது. அமெரிக்க அரசமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. மார்ஷல் அதை வாதத்தால் வருவிக்க வேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டை 1952இல் சென்னை மாநிலம் எதிர் வி.ஜி.ராவ் வழக்கில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எடுத்துச் சொன்னார். நம் நீதிமன்றங்கள் சட்டமன்றத்தோடு மோதும் ஆசையில் இதைச் செய்யவில்லை, அரசமைப்பு தெளிவாக விதித்த கடமையைச் செய்கின்றன என்பது அவர் வாதம்.

மெக்கல்லக் வழக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு வங்கி வரி தகராறுதானே?

வங்கி வரிதான். மத்திய அரசு 1816இல் தொடங்கிய வங்கிக்குப் பால்டிமோரில் ஒரு கிளை. முத்திரைத்தாளில் நோட்டு அச்சிட வேண்டும், இல்லையென்றால் ஆண்டுக்கு 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று மேரிலாண்ட் மாநிலம் சட்டம் போட்டது. கிளையின் காசாளர் ஜேம்ஸ் மெக்கல்லக் கட்டவில்லை. வங்கி தொடங்கலாம் என்று அரசமைப்பில் எங்கே இருக்கிறது என்பது மாநிலத்தின் கேள்வி.

1819 மார்ச்சில் மார்ஷல் சொன்ன பதில்: வரி வசூலிக்கவும், கடன் வாங்கவும், படை நடத்தவும் அதிகாரம் கொடுத்தால் அதற்குத் தகுந்த வழிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அதிலேயே அடங்கும். நாம் பொருள் கூறுவது ஓர் அரசமைப்புக்கு என்பதை மறக்கக் கூடாது என்ற அவருடைய வரி இந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. வரி போடும் அதிகாரம் அழிக்கும் அதிகாரத்தையும் உள்ளடக்கியது, ஆகவே மாநிலம் மத்திய அரசின் அமைப்புக்கு வரி போட முடியாது என்பது இரண்டாவது பாதி. வர்ஜீனியாவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஸ்பென்சர் ரோன் என்ற நீதிபதி புனைபெயரில் பத்திரிகையில் தாக்கி எழுதினார். மார்ஷலும் 'அரசமைப்பின் நண்பன்' என்ற புனைபெயரில் பதில் கட்டுரைகள் எழுதினார். பதவியில் இருக்கும் தலைமை நீதிபதி தன் தீர்ப்புக்காகப் பெயரை மறைத்துக்கொண்டு பத்திரிகையில் வாதாடியது எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு நிலைக்குமா என்று அவர் எவ்வளவு கவலைப்பட்டார் என்பது அதிலிருந்து தெரிகிறது.

எல்லாத் தீர்ப்பையும் அவரே எழுதினாரா? மற்ற நீதிபதிகள் சும்மா தலையாட்டினார்களா?

500க்கு மேற்பட்ட தீர்ப்புகள் அவர் பெயரில் இருக்கின்றன. அவருக்கு முன்பு இங்கிலாந்து முறைப்படி ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியாகத் தன் கருத்தை வாசிப்பார். வழக்கின் முடிவு தெரியும், சட்டம் என்ன என்பது குழப்பமாகவே இருக்கும். மார்ஷல் அதை மாற்றி, நீதிமன்றத்தின் சார்பில் ஒரே தீர்ப்பு என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தார். அரசமைப்பு வழக்கு ஒன்றில் அவர் மாறுபட்ட தீர்ப்பு எழுத நேர்ந்தது ஒரே ஒரு முறை: 1827இல், ஆக்டன் எதிர் சான்டர்ஸ்.

தலையாட்டிகள் என்று சொல்ல முடியாது. ஜெபர்சன் நியமித்த வில்லியம் ஜான்சன் துணிந்து மாறுபட்டவர். அமர்வுக் காலத்தில் எல்லாரும் வாஷிங்டனில் ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே வழக்குகளைப் பேசி முடித்தார்கள். மழை நாளில் மட்டும் ஒயின் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். வெளியே வெயில் அடித்தால், நம் அதிகார எல்லை பெரியது, எங்காவது மழை பெய்துகொண்டிருக்கும் என்பாராம் மார்ஷல். ஸ்டோரி சொன்ன கதை இது.

ஜெபர்சன் அவருக்குச் சொந்தக்காரர் என்றால் ஏன் அவ்வளவு பகை?

முன்பு சொன்ன ராண்டால்ஃப் குடும்பத்தின் வழியாக இருவரும் தூரத்து உறவு. கட்சி வேறு, நாட்டைப் பற்றிய பார்வை வேறு. மார்பரி வழக்கைவிட அதிகமாகக் கசப்பு வந்தது 1807இல் ரிச்மண்டில் நடந்த ஏரன் பர் வழக்கில். முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர்மீது தேசத் துரோகக் குற்றச்சாட்டு. அவர் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை என்று விசாரணைக்கு முன்பே ஜெபர்சன் நாடாளுமன்றத்துக்கு எழுதிவிட்டார்.

மார்ஷல் இரண்டு காரியம் செய்தார். ஆவணங்களைக் கேட்டுக் குடியரசுத் தலைவருக்கே சம்மன் அனுப்பலாம் என்றார். வெளிப்படையாகச் செய்த துரோகச் செயலை இரண்டு சாட்சிகள் நிரூபிக்க வேண்டும் என்ற அரசமைப்பின் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினார், பர் விடுதலையானார். 1974இல் குடியரசுத் தலைவர் நிக்சனின் ஒலிநாடா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சம்மனைத் திரும்பிப் பார்த்தது. மார்பரியைவிட இந்த வழக்கில்தான் மார்ஷலின் துணிச்சல் எனக்குத் தெரிகிறது.

'மார்ஷல் தீர்ப்பு சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றட்டும்' என்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் சொன்னது உண்மையா?

அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து வெளிவந்த ஒரு நூலில்தான் அந்த வரி வருகிறது. அந்தத் தீர்ப்பு பிறக்கும்போதே செத்துவிட்டது என்ற பொருளில் ஜாக்சன் ஒரு நண்பருக்கு எழுதியது மட்டும் உண்மை.

வழக்கு 1832ஆம் ஆண்டின் வூஸ்டர் எதிர் ஜார்ஜியா. பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் நிலத்தில் மாநில உரிமம் இல்லாமல் வசித்ததற்காகச் சாமுவேல் வூஸ்டர் என்ற மிஷனரிக்கு நான்கு ஆண்டு கடுங்காவல் தண்டனை. செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றார் மார்ஷல். மாநிலம் மதிக்கவில்லை, வூஸ்டர் 1833 ஜனவரியில் ஆளுநரின் மன்னிப்பால்தான் வெளியே வந்தார். 1838-39இல் செரோக்கி மக்கள் வலுக்கட்டாயமாக மேற்கே துரத்தப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். இதே மார்ஷல் 1823இல் ஜான்சன் எதிர் மெக்கின்டோஷ் வழக்கில், கண்டுபிடித்த ஐரோப்பிய அரசுக்கே நிலத்தின் உடைமை, பூர்வகுடிகளுக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும் என்று எழுதியவர். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

லிபர்ட்டி மணி அவர் சாவுக்கு அடித்தபோதுதான் விரிசல் விட்டதாமே?

செவிவழிக் கதை. லிபர்ட்டி மணி என்பது அமெரிக்க விடுதலையின் சின்னமாகப் பிலடெல்பியாவில் இருக்கும் மணி. அவர் பிலடெல்பியாவில் இறந்தார், அங்கே மணி அடித்தார்கள் என்பது வரை சரி. விரிசல் அன்றுதான் விழுந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அவர் அடிமைகள் வைத்திருந்தாரா? அதனால்தான் கல்லூரிகள் அவர் பெயரை எடுத்துவிட்டனவா?

ஆம், இரண்டுமே. வாழ்நாள் முழுக்க அடிமைகளை வாங்கினார், வேலை வாங்கினார், பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் அவர் உடைமையாக இருந்தார்கள் என்று அண்மைக்கால ஆய்வு காட்டியிருக்கிறது. உயிலில் ராபின் என்ற பணியாளுக்கு மட்டும் விடுதலை பெறும் வாய்ப்பை எழுதினார்: ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியாவுக்குப் போனால் 100 டாலர், போகாவிட்டால் 50, விடுதலை வேண்டாமென்றால் தன் பிள்ளைகளில் யாரிடம் இருப்பது என்று தேர்ந்தெடுக்கலாம்.

தீர்ப்புகளிலும் இது தெரிகிறது. 1813இல் மிமா குவீன் என்ற பெண், தன் மூதாட்டி சுதந்திரப் பெண் என்று சொல்லி விடுதலை கேட்டு வந்தாள். தலைமுறைகளுக்கு முந்தைய விஷயம். கேட்டறிந்த சாட்சியம் தவிர வேறென்ன இருக்கும்? அதை ஏற்றால் யாருடைய சொத்துக்கும் பாதுகாப்பு இருக்காது என்று மார்ஷல் மறுத்துவிட்டார். மேரிலாண்டைச் சேர்ந்த, அவரும் அடிமைகள் வைத்திருந்த நீதிபதி கேப்ரியல் டுவால் தனித்து நின்று, சொத்துரிமையைவிட விடுதலை உரிமை பெரியது என்று எழுதினார். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்கு டுவாலின் அந்தச் சில வரிகளைக் காட்டுவேன்.

சிகாகோவில் 2021இலும் கிளீவ்லாண்டில் 2022இலும் சட்டக் கல்லூரிகள் அவர் பெயரை நீக்கின. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். ஒரு கட்டடத்துக்குப் பெயர் வைப்பது மரியாதை செய்வது. தீர்ப்பைப் படிப்பது வேறு வேலை.

மூன்று தீர்ப்பு மட்டும் படிக்க நேரம் இருக்கிறது. எதைப் படிக்க?

மார்பரியில் கடைசிப் பகுதியை மட்டும் முதலில் படியுங்கள். சட்டம் எது என்று சொல்வது நீதித்துறையின் பணியும் கடமையும் என்ற வரி அங்கேதான் இருக்கிறது. பதவியில் மார்பரிக்கு உள்ள உரிமை பற்றிய முன்பகுதி நீளம், பிறகு பார்க்கலாம். மெக்கல்லக்கை முழுதாகப் படியுங்கள், குறுக்குவழி வேண்டாம். மூன்றாவது மிமா குவீன் எதிர் ஹெப்பர்ன். சில பக்கங்கள்தான். முடிவோடு நிறுத்திவிடாமல் டுவாலின் மாறுபட்ட தீர்ப்பையும் படித்துவிட்டு வாருங்கள்.